மூன்றாம் பாகம்: மொடேர்ன் வோர்ஃபெயாரும் எங்கட முப்பதாம் திகதிகளும்

2023 நவம்பர் 10ஆம் திகதி ‘கோல் ஒஃப் டியூட்டி: மொடேர்ன் வோர்ஃபெயார் 3’ வெளிவந்தது. வந்த கையோடயே அந்தத் தொடரின் முதன்மைப் பாகங்களில் மிக மோசமான மதிப்பெண் வாங்கினது எண்ட பெயரையும் எடுத்துக்கொண்டது. உலகம் முழுக்க விளையாட்டுக்காரர் திட்டித் தீர்த்தார்கள். யாழ்ப்பாணத்திலும் பெடியள் திட்டினார்கள். நாங்களும்தான்.

அந்தத் திட்டுகளில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை எண்டு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. ஒரு விளையாட்டின் தோல்வியை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும்போது அது எங்கட சரித்திரத்தையும் கொஞ்சம் கிளறிவிடுகிறது.

முதலில் திட்டுகள். கதைப் பகுதியை நாலைந்து மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். ‘திறந்த போர்க்களம்’ எண்டு புதிதாகச் சொல்லிக்கொண்டு வந்த மட்டங்கள், வோர்சோன் வரைபடத்தின் ஒரு துண்டை வெட்டி, அதுக்குள்ள எங்களைத் தனிய இறக்கிவிட்ட மாதிரி இருந்தன. சோப் மக்டாவிஷ் எண்ட பாத்திரத்துக்கு 2007இல் இருந்து ரசிகர்கள் இருக்கிறார்கள். அவனுடைய சாவை ஒரு நிமிசத்தில் முடித்து, கதையையும் அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில் தொடக்கத்தில் வந்த 16 வரைபடங்களும் 2009ஆம் ஆண்டு ‘மொடேர்ன் வோர்ஃபெயார் 2’இல் இருந்தவை, பூச்சு மட்டும் புதுசு. விலை 70 அமெரிக்க டொலர். அன்றைய நாணய மாற்றில் இருபதாயிரம் ரூபாவுக்கு மேல். ‘இது புதுப் பாகம் இல்லை, போன வருசத்து விளையாட்டின் மேலதிகப் பொதி’ எண்டதுதான் எல்லா இடத்திலும் கேட்ட வசனம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமும் வந்தது. வழமையாக மூன்று வருசம் எடுக்கும் வேலையை ஸ்லெட்ஜ்ஹாமர் நிறுவனத்தார் ஏறத்தாழ 16 மாதத்தில் முடிக்க வேண்டி வந்தது, ஊழியர்கள் இரவிலும் வார இறுதியிலும் வேலை செய்தார்கள், முதலில் இது 2022ஆம் ஆண்டு விளையாட்டின் நீட்சியாகத்தான் தொடங்கியது எண்டு புளூம்பேர்க் செய்தி வெளியிட்டது. நிறுவனத் தரப்பு அதை மறுத்தது. ஆனால் விளையாடினவர்களுக்கு அந்த அவசரம் கண்ணுக்கு முன்னால தெரிந்தது.

இவ்வளவு திட்டியும் என்ன நடந்தது? 2023இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற விளையாட்டுகளில் அது இரண்டாம் இடம்.

இது புதுக் கதை இல்லை. 2009இல் ‘மொடேர்ன் வோர்ஃபெயார் 2’ வந்தபோது, கணினியில் விளையாடுகிறவர்களுக்குத் தனிச் சேர்வர்களைத் தரமாட்டோம் எண்டு அறிவித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் ஒப்பமிட்டார்கள். ஸ்டீமில் ‘மொடேர்ன் வோர்ஃபெயார் 2ஐப் புறக்கணிப்போம்’ எண்டு ஒரு குழுவும் உருவானது. வெளியான அன்று அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம் பிடித்து யாரோ பகிர்ந்தார்கள்: பெரும்பாலானோர் அதே விளையாட்டுக்குள்ள நிக்கினம்! முதல் நாளில் மட்டும் வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் 47 லட்சம் பிரதிகள் விற்றன.

ஆக, ஏமாற்றம் எண்டது இந்தத் தொடரின் பழைய துணை. வாங்கு, திட்டு, அடுத்ததுக்குக் காத்திரு.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். இந்தத் தொடரின் ஆண்டுகளை எங்கட ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்.

முதலாவது ‘கோல் ஒஃப் டியூட்டி’ வந்தது 2003 ஒக்ரோபரில். 1990இல் நின்றுபோன மின்சாரத்தையும், பொருளாதாரத் தடையையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தையும் கடந்து, 2002 போர்நிறுத்தத்தோட ஏ9 வீதி திறந்து, சாமான்கள் தடையில்லாமல் வரத் தொடங்கிய காலம் அது. ‘மொடேர்ன் வோர்ஃபெயார்’ வந்தது 2007 நவம்பரில். அப்போது ஏ9 மூடி ஒரு வருசத்துக்கு மேல். குடாநாடு மறுபடியும் தீவாகியிருந்தது. இரண்டு மாதத்தில், 2008 ஜனவரியில், போர்நிறுத்த உடன்படிக்கையில் இருந்து அரசாங்கம் விலகியது. ‘மொடேர்ன் வோர்ஃபெயார் 2’ வந்தது 2009 நவம்பர் 10. முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வன்னிச் சனம் இன்னும் முட்கம்பி வேலிக்குள்ள முகாமில் இருந்தது.

இன்னொன்று. எங்கட யுத்தத்துக்கும் இலக்கம் போட்டிருக்கிறார்கள். முதலாம் ஈழப்போர் 1983 தொடக்கம் 1987, இரண்டாம் ஈழப்போர் 1990 தொடக்கம் 1995, மூன்றாம் ஈழப்போர் 1995 தொடக்கம் 2002, நான்காம் ஈழப்போர் 2006 தொடக்கம் 2009. விளையாட்டுப் பெட்டியில் போடுகிற மாதிரியே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாகங்களுக்கு நடுவில் ஒரு இடைவேளை, பிறகு புது ஆயுதங்களோட அடுத்த பாகம். விளையாட்டில் அடுத்த பாகம் வரும்போது வரைபடம் துப்புரவாக இருக்கும். எங்கட வரைபடத்தில் முந்தின பாகத்துக் கண்ணிவெடி அப்படியே கிடக்கும்.

2007 விளையாட்டில் ‘வானிலிருந்து சாவு’ எண்டு ஒரு மட்டம் இருக்கு. ஏசி-130 விமானத்தின் பீரங்கிக்குப் பின்னால நீங்கள் இருக்கிறீர்கள். கீழே எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆட்கள் வெள்ளைப் புள்ளிகள். விமானத்தில் இருக்கிறவர்கள் தேத்தண்ணி குடிக்கிற குரலில் கதைத்துக்கொண்டு சுடுவார்கள். அந்த மட்டத்தில் ஒரு விதி: கீழே இருக்கிற தேவாலயத்தில் சுடக்கூடாது. சுட்டால் பணி தோல்வி. திரும்பத் தொடங்க வேண்டும்.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. இராணுவ நடவடிக்கைக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்த சனம் அங்கே தங்கியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த விமானத்தில் இருந்தவர்களுக்குப் ‘பணி தோல்வி’ எண்டு எந்தத் திரையும் சொல்லவில்லை.

அந்த மட்டத்தை விளையாடும்போது கை பழகிவிடும், சுவாரசியமாகவும் இருக்கும். பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கட அம்மாக்களுக்கு விமானச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், பங்கருக்குள்ள யாரை முதலில் இறக்க வேண்டும் எண்டு தெரியும். எங்களுக்குப் பீரங்கி எத்தனை செக்கனில் மீள நிரம்பும் எண்டு தெரியும். ஒரே வீட்டுக்குள்ள இரண்டு அறிவு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்றாம் பாகத்தைத் திட்டினவர்கள் எல்லாரும் அதை ஒப்பிட்டது 2019ஆம் ஆண்டு ‘மொடேர்ன் வோர்ஃபெயார்’ மீளுருவாக்கத்தோட. ‘அதெல்லோ விளையாட்டு!’ எண்டுதான் எங்கட வட்டத்திலும் பேச்சு. உண்மைதான், கைவேலை அபாரம். ஆனால் அதுக்குள்ள ‘மரண நெடுஞ்சாலை’ எண்டு ஒரு இடம் வரும். உர்சிக்ஸ்தான் எண்ட கற்பனை நாட்டில், மலைப்பக்கம் தப்பி ஓடினவர்களை ரஷ்யர்கள் குண்டு போட்டுக் கொன்ற வீதி எண்டு ஃபரா எண்ட பாத்திரம் சொல்லும்.

மரண நெடுஞ்சாலை எண்ட பெயர் கற்பனை இல்லை. 1991 பெப்ரவரியில் குவைத்தில் இருந்து ஈராக்குக்குப் பின்வாங்கிய வாகனத் தொடரை, 80ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வைத்து எரித்தவை அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். விளையாட்டு செய்தது சின்ன வேலை: பெயரையும் எரிந்த வாகனங்களையும் வைத்துக்கொண்டு, செய்தவனை மட்டும் மாற்றியது. ரஷ்ய விளையாட்டுக்காரர்கள் மெற்றாகிரிற்றிக்கில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி போட்டு எதிர்த்தார்கள். மற்றவர்களில் கொஞ்சப் பேர் எழுதினார்கள். பிறகு அது மறந்துபோனது. இன்றைக்கு 2019 நல்ல பாகம், 2023 கூடாத பாகம். சரித்திரத்தைத் திருப்பிப் போட்டதுக்குக் கிடைக்காத கோபம், வரைபடத்தைத் திருப்பிப் போட்டதுக்குக் கிடைத்தது.

இதை அமெரிக்கனின் வேலை எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எங்களுக்கும் வீதிகள் இருக்கு.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தது, ஊரை விட்டு வெளியேறும்படி புலிகளின் ஒலிபெருக்கி அறிவித்தது. மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால், லட்சக்கணக்கானோர் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். இந்த இரவைப் பற்றி எங்கட வீடுகளில் கதை இல்லாத வீடு இல்லை. ஒவ்வொரு வருசமும் நினைவு கூருகிறோம், எழுதுகிறோம், படம் போடுகிறோம்.

1990 ஒக்ரோபர் 30. அதே திகதி, ஐந்து வருசத்துக்கு முந்தி. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். நகையும் காசும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் அகதிகளாகப் போய், கால் நூற்றாண்டு தாண்டியும் அங்கேயே இருக்கிறார்கள். இந்தத் திகதியைப் பற்றி எங்கட வீடுகளில் எத்தனை கதை இருக்கு? ‘அவை போட்டினம்’ எண்டு ஒரு வசனம். போனவர்களா, அனுப்பப்பட்டவர்களா? அந்த ஒரு வினைச்சொல்லில் செய்தவன் காணாமல் போய்விடுகிறான்.

இதுவும் மரண நெடுஞ்சாலையில் நடந்த அதே வெட்டு ஒட்டுத்தான். அவர்கள் செய்தவனின் பெயரை மாற்றினார்கள். நாங்கள் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். ஒரு ஒக்ரோபர் 30ஐச் சத்தமாகவும் மற்றதைச் சத்தம் குறைத்தும் சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு விளையாட்டு நிறுவனத்திடம் நேர்மை கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

‘அப்ப என்ன, விளையாட வேண்டாமோ?’ எண்டு கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டோம். சொன்னாலும் நாங்களே கேட்க மாட்டோம். யுத்தத்தை வேறு பக்கத்தில் இருந்து காட்டிய விளையாட்டுகளும் இருக்கின்றன. போலந்தின் 11 பிற் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ சரயேவோ முற்றுகையைப் பின்புலமாக எடுத்துக்கொண்டது. அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டுக்குள்ள இருக்கிற சனம். பகலில் அடுப்பெரிக்க விறகு வேண்டும், இரவில் மருந்து தேட வேண்டும், பக்கத்து வீட்டுக் கிழவனின் சாப்பாட்டைக் களவெடுத்தால் அடுத்த நாள் உங்கட ஆள் எழும்பாமல் குந்திக்கொண்டிருப்பான். 2020இல் போலந்து அரசாங்கம் அதைப் பள்ளிக்கூடப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு விளக்கெரித்த, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த குடாநாட்டுக்காரருக்கு அந்த விளையாட்டின் விதிகளை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. வீட்டில் அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி விளையாடிப் பாருங்கள். உங்களைவிட நல்லாத் தப்பிப் பிழைப்பா.

மூன்றாம் பாகத்தைப் பற்றி எங்கட முடிவையும் சொல்லிவிடுகிறோம். கதை அவசரத்தில் கட்டியது, வரைபடங்கள் பழசு, விலை அநியாயம். அந்தக் குறைகள் எல்லாம் சரி. ஆனால் அடுத்த பாகம் வரும்போது மதிப்பெண் போடுவதற்கு முன்னால் இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்போம். குண்டு விழுகிற இடத்தில் சனம் இருக்குதா, இல்லையெண்டால் எங்கே போனார்கள்? நடந்த ஒன்றைக் காட்டினால், செய்தவனின் பெயர் சரியாக இருக்கா? சண்டை முடிந்த அடுத்த நாள் அந்த ஊரில் என்ன நடக்கிறது?

இதே மூன்று கேள்வியையும் வரப்போகிற ஒக்ரோபர் 30 அன்று வீட்டில் பெரியாக்களிடமும் கேட்டுப் பாருங்கள். 95ஐப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, 90ஐப் பற்றியும்.