திரையில் துள்ளாமல் ஓடும் பந்து

ஓடும் படம் என்று நாம் சொல்வது உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. அவற்றை இணைத்து ஓட்டமாகக் காண்பவை நம் கண்ணும் மூளையுமே. ஆகவே, தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டு சீராகத் தெரிவது இரண்டு செய்திகளைப் பொறுத்தது. விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பது ஒன்று. ஒவ்வொரு படமும் தனக்குரிய நேரத்தில் வந்து சேருகிறதா என்பது மற்றொன்று.

நேயர்களே, இணையத்தின் வழியாகக் காற்பந்தும் பூப்பந்தும் பார்க்கும் வீடுகளில், "படம் துள்ளுகிறது" என்ற குறை அடிக்கடி எழுகிறது. உடனே மாதக் கட்டணத்தைக் கூட்டி, வேகமான இணைப்புக்கு மாறுகிறவர்கள் பலர். மாறிய பிறகும் சில வீடுகளில் துள்ளல் போவதில்லை. பணம் போனதுதான் மிச்சம். இது ஏன் என்று அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1936 நவம்பரில் லண்டன் மாநகரின் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே இரண்டு முறைகள் மாறி மாறிச் சோதிக்கப்பட்டன. ஒன்று ஜான் லோகி பெயர்டு என்பவரின் முறை; 240 கோடுகளால் ஆன முழுப் படங்கள் விநாடிக்கு 25 வரும். மற்றொன்று மார்க்கோனி–இ.எம்.ஐ. முறை. அதில் 405 கோடுகள். ஆனால் அவை ஒரே மூச்சில் வரையப்படுவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் என்று, விநாடிக்கு 50 அரைப்படங்களாக வரும். பாய் முடைகிறவர் ஒரு கீற்று விட்டு ஒரு கீற்று எடுப்பதைப் போன்றது இது. 1937 பிப்ரவரியில் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. 25 முழுப் படங்கள் கண்ணில் மினுக்கின. 50 அரைப்படங்களில் அந்த மினுக்கம் பெரிதும் தணிந்தது.

மினுக்கத்தைப் போக்கக் கண்ட இந்த வழி, விளையாட்டுக்கு எதிர்பாராத நன்மையையும் செய்தது. ஒவ்வோர் அரைப்படமும் வெவ்வேறு கணத்தைக் காட்டியது. ஆகவே, 25 முழுப் படங்களுக்கு வேண்டிய அளவு அலைவரிசையிலேயே, ஓட்டத்தின் 50 கணங்கள் பார்ப்பவருக்குக் கிடைத்தன. 50 என்ற எண் தற்செயலானதன்று. அங்கே வீட்டு மின்சாரமும் விநாடிக்கு 50 முறை அலைவது; இரண்டும் ஒத்துப்போனால் திரையில் மின்சாரக் குறுக்கீடு தொல்லை தராது. மின்சாரம் 60 முறை அலையும் அமெரிக்காவில் தொலைக்காட்சியும் 60 ஆயிற்று. இந்தப் பிரிவினை இன்றும் நம் வரவேற்பறை வரை வந்து தொல்லை தருகிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. 625 கோடுகள், விநாடிக்கு 50 அரைப்படங்கள் என்பதே நாம் கைக்கொண்ட முறை. 1975 மார்ச்சில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தபோது நம் தொலைக்காட்சி இன்னும் கறுப்பு வெள்ளைதான். அரையிறுதியில் மலேசியா 2–3 என்று இந்தியாவிடம் தோற்றதும், இறுதியில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்றதும் அந்தப் போட்டியில்தான். வண்ணம் வந்தது 1978 டிசம்பரில். அப்போதும் 50 கணங்கள் மாறவில்லை. கோடு மங்கலாக இருந்திருக்கலாம். எறும்பு ஊர்வது போல் புள்ளிகள் தெரிந்திருக்கலாம். ஆனால் நேரடி ஒளிபரப்பில் பந்தின் ஓட்டம் சீராக இருந்தது.

50 கணங்களுக்கும் 25 கணங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பூப்பந்தைக் கொண்டு கணக்கிடலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பூப்பந்து, அடித்த கணத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 83 மீட்டர் செல்லும். 25 படங்கள் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 3 மீட்டருக்கு மேல் தாவிவிடும். 50 என்றால் அந்தத் தாவல் பாதியாகும். ஆடுகளத்தின் முழு நீளமே 13.4 மீட்டர்தான் என்பதை எண்ணினால், கண் ஏன் பந்தைத் தவறவிடுகிறது என்பது விளங்கும்.

1996-ஆம் ஆண்டு இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. மியாசாட் துணைக்கோளம் ஏவப்பட்டு, எண்முறையில் கட்டணத் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டில் பல்லூடகப் பெருவழித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் நகரமான சைபர்ஜெயா, சிலாங்கூர், சிப்பாங் மாவட்டத்தின் டெங்கில் முக்கிமில் எழுந்தது. அருகே புத்ராஜெயா எழுந்த மண், 1921-இல் தொடங்கப்பட்ட பெராங் புசார் ரப்பர்த் தோட்டம். அந்தத் தோட்டமும் செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி தோட்டங்களும் நகரத்துக்கு இடம்விட்டன. அங்கே தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன; தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் நெடியது. துணைக்கோளத் தரைநிலையமும், இணையச் செய்திகளைச் சேமித்து அனுப்பும் தரவு மையங்களும் இன்று அந்த அடுக்குமாடிகளுக்கு அண்மையில் நிற்கின்றன.

எண்முறையில் படம் எப்படி அனுப்பப்படுகிறது? முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. முந்திய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் அசையும்போது அனுப்ப வேண்டியது மிகக் குறைவு. காற்பந்தில் ஒளிப்படக் கருவி பந்தைத் துரத்தித் திரும்பும்போதோ, புல்லும் கூட்டமும் சேர்ந்து மாறுகின்றன. ஒரே இணைப்பில் நாடகம் தெளிவாகவும் பந்தாட்டம் சதுரம் சதுரமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

இணையவழி ஒளிபரப்பில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. கணினியும் கைப்பேசியும் அரைப்படங்களைக் காட்டுவதில்லை. முழுப் படங்களையே காட்டும். அரைப்படங்களாக வந்த ஆட்டத்தை இரண்டிரண்டாக ஒட்டி 25 முழுப் படங்களாக்கி அனுப்புவது எளிது, செலவும் குறைவு. பலர் அவ்வாறே செய்தனர். பாட்டன் காலத்தில் கிடைத்த 50 கணங்களில் பாதி அங்கேயே பறிபோயிற்று. சரியான வழி, ஒவ்வோர் அரைப்படத்தையும் விரித்து 50 முழுப் படங்களாக்குவது. அல்லது தொடக்கத்திலேயே அவ்வாறு படம்பிடிப்பது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியம் 2004-இல் 720 கோடுகள், விநாடிக்கு 50 முழுப் படங்கள் என்ற அளவைப் பரிந்துரைத்தது. விளையாட்டுக்குக் கோடுகளின் எண்ணிக்கையைவிடக் கணங்களின் எண்ணிக்கை முக்கியம் என்பது அதன் உட்கருத்து.

இனி நேரத்தின் செய்திக்கு வருவோம். 2009-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முறையில், ஆட்டம் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பப்பட்டது. தொடக்கத்தில் 10 விநாடித் துண்டுகளே பரிந்துரைக்கப்பட்டன. மூன்று துண்டுகள் கையிருப்பில் சேர்ந்த பிறகு காட்டினால், ஆட்டம் அரை நிமிடம் பின்தங்கும். பக்கத்து வீட்டில் கோல் என்ற கூச்சல் கேட்ட பிறகு நம் திரையில் பந்து வலைக்குள் விழுவது இதனால்தான். அந்தக் கையிருப்பு, மழைக்காலத்துக்குச் சேர்த்த நெல் போன்றது. குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் சிறு தடை வந்தாலும் படம் நின்றுவிடும்.

வானலையில் ஓர் ஒளிபரப்பு எத்தனை வீடுகளுக்கும் போதும். இணையத்திலோ ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் தனித்தனியே அனுப்ப வேண்டும். 2018 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது ஆஸ்திரேலியாவில் இணையவழி ஒளிபரப்பு தடுமாறி, ஆட்டங்கள் பொதுத் தொலைக்காட்சிக்கும் கொடுக்கப்பட்டன. அதற்கு மாறாக, 2023 நவம்பரில் நடந்த கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை இந்தியாவில் ஒரே நேரத்தில் 5.9 கோடி இணைப்புகள் வரை கண்டன. ஆட்டத்தின் படிகளைப் பார்ப்பவருக்கு அருகிலுள்ள தரவு மையங்களில் வைத்துக் கொடுப்பதே இவ்வளவு பெரிய கூட்டத்தைத் தாங்கும் வழி. சைபர்ஜெயாவில் உள்ளவை போன்ற மையங்களின் பயன் இதுவே.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம், குறை இரண்டு வகை என்பதுதான். படம் நின்று நின்று வந்தாலோ, மங்கிச் சதுரங்களாக உடைந்தாலோ, அது பெரும்பாலும் இணைப்பின் குறை. கம்பியில்லா இணைப்பின் அலை அடுக்குமாடிச் சுவர்களில் தளர்ந்துபோகும். மோடத்திலிருந்து தொலைக்காட்சிக்குக் கம்பி இழுப்பதே முதல் மருந்து. வேகத்தைக் கூட்டுவது அதன் பிறகு எண்ண வேண்டியது.

படம் தெளிவாகவே இருந்து, பந்தைத் துரத்தும்போது மட்டும் சீராகத் துடித்தால், அது பெரும்பாலும் எண்ணிக்கையின் குறை. பல இணையப் பெட்டிகள் 60 என்ற அளவுக்கே அமைக்கப்பட்டு வருகின்றன. நாம் காணும் ஆட்டங்களில் பலவோ 50. ஐம்பதை அறுபதில் பொருத்த, ஐந்து படங்களுக்கு ஒன்றைப் பெட்டி இருமுறை காட்டுகிறது. விநாடிக்குப் பத்து இடறல்கள். பெட்டியின் அமைப்பில் 50 என்று மாற்றினாலோ, ஆட்டத்தின் அளவைத் தானே பின்பற்றும் அமைப்பைத் தேர்ந்தாலோ இந்தத் துடிப்பு நின்றுவிடும். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. ஓட்டத்தைச் சீராக்கும் வசதி ஒன்றும் புதிய தொலைக்காட்சிகளில் உண்டு. அது இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைக் கற்பனை செய்து நுழைப்பது. 25 கணங்களே வரும் ஆட்டத்துக்கு அது ஓரளவு உதவும். மிகுதியாக வைத்தால் பந்தைச் சுற்றி நிழல் படரும், சில வேளை பந்தே மறையும்.

பழைய முறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டாலும், எண்முறைத் தொலைக்காட்சி இன்றும் வானலையில் கட்டணமின்றி வருகிறது. பொது அலைவரிசையில் வரும் ஆட்டத்துக்குக் கூரையில் ஓர் அலைவாங்கி போதும். எத்தனை பேர் பார்த்தாலும் அதில் நெரிசல் இல்லை. வேகமான இணைப்புக்குப் பணம் கட்டும் முன், டெங்கிலிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நேயர்கள் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்து பார்க்கலாம்: பெட்டியின் எண், மோடத்தின் கம்பி, கூரையின் அலைவாங்கி.