பலகைக்குள் ஒரு பலகை

ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவ அமைப்பின் லாட்ஜ்களில், அதாவது கிளைகளில், வண்ணம் தீட்டிய பலகை ஒன்று இருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட தளம், மூன்று தூண்கள், மேகத்துக்குள் ஏறும் ஏணி, சூரியன், நிலா எல்லாம் அதில் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைக் காட்டித்தான் சின்னங்களை விளக்குவார்கள். பெயர் 'டிரேசிங் போர்டு', அதாவது வரைபலகை. ஆனால் அதன்மேல் யாரும் வரைவதில்லை.

உண்மையில் வரைந்தவர்கள், 'மேசன்' என்ற சொல் குறிக்கும் கல்தச்சர்கள். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் சாப்டர் ஹவுஸ் முன்மண்டபத்துக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதன் ஜிப்சம் தரையில் சன்னல் வளைவுகளை முழு அளவில் கீறி வைத்தார்கள். ஒரு வேலையின் கோடுகள்மீதே அடுத்த வேலையின் கோடுகள். இன்றும் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த அளவுக்கு அச்சு வெட்டி, அச்சைக் கல்லின்மேல் வைத்துச் செதுக்கினார்கள்.

சாமுவேல் பிரிச்சர்ட் 1730இல் வெளியிட்ட 'மேசன்ரி டிசெக்டட்' நூலில் லாட்ஜின் அசையா அணிகள் மூன்று. அவற்றுள் ஒன்று 'டிராசல் போர்டு', தலைவர் தம் வடிவங்களை வரைவதற்கு. டிராசல் என்பது பலகையைத் தாங்கும் கால்சட்டமான 'டிரெசில்' என்பதன் திரிபாகவே எனக்குப் படுகிறது. அதன் வேர் குறுக்குச்சட்டத்தைக் குறித்த இலத்தீன் 'டிரான்ஸ்ட்ரும்'. 'டிரேஸ்' வேறு குடும்பம். இழுத்தல் என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. நாமும் கோடு இழுப்பதாகத்தானே சொல்கிறோம்! ஒலியும் வேலையும் நெருங்கியிருந்ததால் இங்கிலாந்தில் டிரேஸ் நிலைத்தது. அமெரிக்க மேசன்கள் டிரெசிலை விடவில்லை; லாட்ஜின் அறிவிப்பிதழுக்கும் அங்கே அதே பெயர் வைப்பதுண்டு.

சின்னப் படத்தின் கதை தனி. தொடக்கத்தில் லாட்ஜ்கள் மதுக்கடை அறைகளில் கூடின. தரையில் சுண்ணக்கட்டியால் சின்னங்களை வரைந்து, சடங்கு முடிந்ததும் துடைப்பத்தாலும் வாளித் தண்ணீராலும் அழித்தார்கள். அந்தப் படத்தையே 'லாட்ஜ்' என்றார்கள். பிறகு வண்ணத்துணி வந்தது, அதன்பின் பலகை. எமுலேஷன் லாட்ஜுக்காக 1845இல் ஜான் ஹாரிஸ் தீட்டியவை இன்று மிகவும் அறியப்பட்டவை.

உறுப்பினரின் முதற்படிக்கான படங்கள் பலவற்றில், கரடுமுரடான கல்லுக்கும் இழைத்த கல்லுக்கும் அருகே, கட்டட வரைபடத்தோடு ஒரு சிறு பலகை தெரியும். பிரிச்சர்ட் சொன்ன பலகை அதுதான். அந்த மூலைப் பொருளின் பெயர் படம் முழுவதற்கும் ஏறிவிட்டது.

பிரெஞ்சு மேசன்கள் இரண்டையும் கலக்கவில்லை. சின்னப் படம் அவர்களுக்குத் 'தாப்பி', அதாவது விரிப்பு. பலகையைக் குறிக்கும் 'பிளான்ஷ்' எழுத்து வேலைக்குப் போய்விட்டது: லாட்ஜில் ஒருவர் வாசிக்கும் கட்டுரையும் பிளான்ஷ், அதை எழுதுவதும் 'பிளான்ஷ் வரைதல்'.