ஆஸ்திரேலியாவில் வீட்டு நீர்ச் சிக்கனத்துக்கும் சாம்பல்நீர் மறுபயன்பாட்டுக்கும் அரசு உதவி

குளியலறை, கைகழுவும் தொட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கழிவுநீர் சாம்பல்நீர் எனப்படும். கழிப்பறைக் கழிவு இதில் சேராது. சமையலறைக் கழிவுநீரில் எண்ணெயும் உணவுத் துணுக்குகளும் மிகுதி என்பதால் அதையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவர். இந்த நீரைத் தோட்டத்துக்கோ கழிப்பறைக்கோ திருப்பவும், வீட்டில் குடிநீர்ச் செலவைக் குறைக்கவும் ஆஸ்திரேலியாவின் மத்திய, மாநில அரசுகள் மானியம், சலுகை விலைச் சேவை, கட்டட விதி என்று பல வழிகளைக் கையாண்டன. அணைகள் வற்றியபோது மானியங்கள் பிறந்தன. மழை திரும்பியதும் அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன. விதிகள் பலவும் தரநிர்ணயங்களும் மட்டும் நிலைத்தன.

முன்வரலாறு

நாட்டுப்புற ஆஸ்திரேலியாவில் கூரைநீரைத் தகரத் தொட்டியில் பிடிப்பது தலைமுறைகளாக உள்ள வழக்கம். நகரங்களில் குழாய்நீர் வந்த பிறகு, கொசு பெருகும் என்ற அச்சத்தால் உள்ளாட்சிகள் அதே தொட்டிகளை ஊக்கப்படுத்தாமல் விட்டன. பாதாளச் சாக்கடை உள்ள பகுதிகளில் குளித்த நீரைத் தோட்டத்தில் விடுவதும் பல இடங்களில் சட்டவிரோதமாக இருந்தது. குவீன்ஸ்லாந்தில் அந்தத் தடை 2006-ல்தான் நீங்கியது.

பிற்காலத் திட்டங்கள் எல்லாவற்றையும்விட நீரை மிச்சப்படுத்தியது, என் கணிப்பில், அதிகம் பேசப்படாத ஒரு கருவி. 1980-ல் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் இரண்டு பொத்தான் கொண்ட கழிப்பறைத் தொட்டியை வடிவமைத்தார். பெரிய பொத்தான் 11 லிட்டரும் சிறியது 5.5 லிட்டரும் விட்டன. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியும் இதற்குக் கிடைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர் ஒன்றில் நடந்த சோதனையில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 32,000 லிட்டர் வரை மிச்சமானது. பல மாநிலங்கள் இதைப் புதிய கட்டடங்களில் கட்டாயமாக்கின. 1993-ல் வந்த அடுத்த வடிவத்தில் அளவு 6, 3 லிட்டர் என்று குறைந்தது.

நீண்ட வறட்சி

1990-களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 2009 வரை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை வாட்டிய வறட்சி ‘மில்லேனியம் வறட்சி’ எனப்படுகிறது. பெர்த் நகருக்கு நெருக்கடி அதற்கும் முந்தியது. 1970-களின் நடுவிலிருந்தே அதன் அணைகளுக்கு நீர்வரத்து குறைந்துவந்தது. தோட்டத் தெளிப்பான்களை வாரம் இரண்டு நாள் மட்டும் இயக்கலாம் என்று 2001-ல் அங்கே கட்டுப்பாடு வந்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2003 முதல் 2009 வரை நீர்ச்சிக்கனக் கருவிகளுக்கு மானியம் தந்தது. சாம்பல்நீருக்கென ஒரு நடைமுறைக் கையேட்டை 2005-ல் வெளியிட்டது. பெர்த்தின் மணற்பாங்கான நிலம் நீரைச் சட்டென்று உறிஞ்சும் என்பதால் சாம்பல்நீர்ப் பாசனத்துக்கு அது ஏற்ற ஊர்.

சிட்னியில் உதவி வேறு வடிவில் வீடு தேடி வந்தது. 1999-ஐ ஒட்டித் தொடங்கிய திட்டத்தின்படி அன்று 22 டாலர் கட்டினால் பிளம்பர் ஒருவர் வருவார். குளியல் ஷவரைக் கழற்றிக் குறைந்த நீர் விடும் ஷவரைப் பொருத்துவார். குழாய்களில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வளையம் போடுவார். பழைய ஒற்றைப் பொத்தான் கழிப்பறையானால் நீர் முழுதும் வடியாதபடி உள்ளே ஒரு சிறு கருவி வைப்பார். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவார். வருமானம் குறைந்தோருக்கு எல்லாம் இலவசமாக இருந்தது. வந்து போன வீடுகளின் மீட்டர் கணக்கை வராத வீடுகளோடு ஒப்பிட்டபோது, ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 20,900 லிட்டர் மிச்சம் தெரிந்தது. பல லட்சம் வீடுகள் இதில் சேர்ந்தன.

நியூ சவுத் வேல்ஸ் அரசு 2004 ஜூலையில் பேசிக்ஸ் என்னும் கட்டட விதியைச் சிட்னியில் நடைமுறைப்படுத்தி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரித்தது. புதிய வீடு, வழக்கமான வீட்டைவிடக் குழாய்நீரை 40 சதவீதம் வரை குறைவாகச் செலவிடும்படி அமைய வேண்டும். அதை மழைநீர்த் தொட்டியால் எட்டுவதா, சாம்பல்நீரால் எட்டுவதா, சிக்கனக் குழாய்களால் எட்டுவதா என்பது கட்டுபவர் விருப்பம். மத்திய அரசு 2005-ல் இயற்றிய நீர்ச்சிக்கன முத்திரைச் சட்டத்தின்படி ஷவர், குழாய், கழிப்பறை, சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றில் நட்சத்திர வில்லை ஒட்டுவது 2006 ஜூலை முதல் கட்டாயமாயிற்று.

பிரிஸ்பேன்: 140 லிட்டர்

வறட்சியின் உச்சத்தைப் பிரிஸ்பேன் கண்டது. தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தின் அணைகளில் 2007 ஆகஸ்டில் கொள்ளளவில் 17 சதவீதம் அளவே நீர் இருந்தது. அவ்வாண்டு மே மாதம் குவீன்ஸ்லாந்து நீர் ஆணையம் ‘இலக்கு 140’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர். வறட்சிக்கு முன் இது 300 லிட்டரை ஒட்டி இருந்தது. நான்கு நிமிடத்தில் மணல் வடியும் சிறு கடிகைகள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. மணல் தீருமுன் குளித்து முடிக்க வேண்டும். நாளுக்கு 800 லிட்டருக்கு மேல் செலவிட்ட வீடுகள் விளக்கப் படிவம் எழுதித் தர வேண்டியிருந்தது. மழைநீர்த் தொட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் மாநில மானியம் கிடைத்தது. சில மாதங்களில் செலவு 130 லிட்டருக்கும் கீழே இறங்கியது. மெல்போர்ன் 2008 டிசம்பரில் ‘இலக்கு 155’ என்று அதைப் பின்பற்றியது.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் யோசனையை 2006 ஜூலையில் குவீன்ஸ்லாந்தின் டுவூம்பா நகர மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தனர். 62 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். ஆனால் ஷவருக்கு அடியில் வாளி வைத்துச் செடிக்கு ஊற்றுவதில் எவருக்கும் கூச்சம் இருக்கவில்லை. ரப்பர் குழாயால் தோட்டத்துக்குப் பாய்ச்சத் தடை இருந்த காலத்தில் ரோஜாச் செடிகளைக் காத்தது அந்த வாளிதான்.

மத்திய அரசின் 500 டாலர்

2007 தேர்தல் வாக்குறுதியின்படி பிரதமர் கெவின் ரட்டின் அரசு, தேசிய மழைநீர், சாம்பல்நீர் முயற்சி என்ற திட்டத்துக்கு 25 கோடி டாலர் அறிவித்தது. 2009 ஜனவரி 30 முதல் வாங்கிய தொட்டிக்கோ சாம்பல்நீர் அமைப்புக்கோ ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 500 டாலர் கிடைத்தது. தொட்டி குறைந்தது 2,000 லிட்டர் கொள்ள வேண்டியிருந்தது. கழிப்பறையோடு அல்லது சலவை அறையோடு குழாய்வழி இணைந்திருக்கவும் வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு மட்டும் தொட்டி வைத்தவருக்கு ஒன்றுமில்லை. பம்பும் பிளம்பர் கூலியும் சேர்ந்தால் 500 டாலர் சிறு பங்குதான். கொடுக்க நினைத்த பணமே செலவாகாத திட்டம் இது. 2011 மே 10-ல் மூடப்பட்டது.

மானியம் நாடியவர்களில் சாம்பல்நீர்க்காரர்கள் சொற்பம். காரணம் பணம் மட்டுமல்ல. சுத்திகரிக்காத சாம்பல்நீரை 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது; தேங்கினால் கிருமி பெருகி நாறும். அமைப்பு வழியே பாய்ச்சும்போது பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் விட வேண்டும். பச்சையாக உண்ணும் கீரை, காய்கறிக்கு ஆகாது. சலவைநீரில் வரும் நூல்துகள் வடிகட்டியை அடைக்கும். அதை வீட்டுக்காரரே அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். மழை பெய்தால் வால்வைத் திருப்பிச் சாக்கடைக்கு விட வேண்டும். சலவைத்தூளின் உப்பு மண்ணைக் கெடுக்கும். அதிலுள்ள பாஸ்பரசை பேங்க்சியா, கிரெவில்லியா போன்ற உள்நாட்டுச் செடிகள் தாங்கா. வாரந்தோறும் வீட்டுக்காரரின் கவனத்தைக் கேட்கும் பொருள் இது.

மழைக்குப் பின்

2011 ஜனவரியில் பிரிஸ்பேன் வெள்ளத்தில் மூழ்கியது. அந்நாளில் அந்நகருக்கு நீர் தரும் வைவென்ஹோ அணை, வெள்ளம் தாங்கும் இடத்தையும் சேர்த்து, குடிநீர்க் கொள்ளளவில் 190 சதவீதம் வரை நிறைந்திருந்தது. மெல்போர்ன் அமைந்த விக்டோரியா மாநிலம் அவ்வாண்டே ‘இலக்கு 155’-ஐக் கைவிட்டு, 2016-ல் மீண்டும் எடுத்தது. பெர்த், கோல்டுகோஸ்ட், சிட்னி, அடிலெய்டு, மெல்போர்ன் ஆகிய இடங்களில் 2006-க்கும் 2012-க்கும் இடையே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எழுந்தன.

மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2011-ல் தந்த அறிக்கை, கட்டுப்பாடுகளும் மானியங்களும் சமூகத்துக்கு வீண்செலவு வைத்தன என்று சாடியது. புதிய வீடுகளில் மழைநீர்த் தொட்டியைக் குவீன்ஸ்லாந்து 2007-ல் கட்டாயமாக்கியபோது, வீட்டுக்கு ஆண்டுக்கு 70,000 லிட்டர் மிச்சமாகும் என்று கணக்கிட்டிருந்தது. ஆய்வுகளில் தெரிந்ததோ 40,000 முதல் 50,000 வரை. 2013 பிப்ரவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. என்றாலும் நாடு முழுவதும் தொட்டி வைக்க வசதியுள்ள வீடுகளில் தொட்டி உள்ளவை 2007-ல் 24 சதவீதம். 2013-ல் 34 சதவீதம். பிரிஸ்பேனில் இலக்கு 200 லிட்டராகத் தளர்ந்த பிறகும் மக்கள் அதற்குக் கீழேயே நின்றனர்.

மானியங்கள் எட்டாமல் விட்ட பெரும்பகுதியினர் வாடகைக் குடியினர். அடுத்தவர் வீட்டில் தொட்டி வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. நீர்க் கட்டணம் கட்டாத வீட்டுச் சொந்தக்காரருக்கு அக்கறையும் இல்லை. நியூ சவுத் வேல்ஸின் 2010 வாடகைச் சட்டம் இந்த முடிச்சை மானியமே இல்லாமல் அவிழ்த்தது. வீட்டின் ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் விடாமலும், வாடகை தொடங்கும்போது கசிவு இல்லாமலும் இருந்தால்தான் நீர்ச்செலவுக் கட்டணத்தைக் குடியிருப்பவரிடம் வசூலிக்கலாம். 2025 மார்ச் முதல் இரட்டைப் பொத்தான் கழிப்பறையும் இந்த நிபந்தனையில் சேர்ந்தது.