'என்றென்றும்' என்றால் எத்தனை வருஷம்?

நியூயார்க்கில் லிங்கன் சென்டர் என்று ஒரு பெரிய கலை வளாகம் இருக்கிறது. ஓபரா, பாலே, சிம்பனி எல்லாத்துக்கும் அங்கே தனித்தனி அரங்கம். இதில் நியூயார்க் பில்ஹார்மானிக் வாசிக்கும் அரங்கத்துக்கு அறுபது வருஷத்தில் மூன்று பெயர். பெயர் ஏன் மாறியது என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் ரிப்பேர் செலவில் போய் நிற்கிறது. அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல் பெயர் பில்ஹார்மானிக் ஹால். 1962 செப்டம்பரில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய கச்சேரியோடு திறந்தார்கள். திறந்த கையோடு, ஒலி சரியில்லை என்று புகார் கிளம்பிவிட்டது. ஒலியியல் நிபுணர் லியோ பெரானெக் முதலில் போட்ட திட்டம் சுமார் 2,400 இருக்கைகளுக்கானது. பிறகு இருக்கைகளைக் கூட்டினார்கள், அதற்காக அரங்கத்தின் வடிவமும் மாறியது. டிசைன் முடிந்த பிறகு ரிக்வயர்மென்ட் மாறினால் என்ன ஆகும் என்று நம்ம துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த சில வருஷங்கள் ஒட்டுப்போடும் வேலைதான்.

1973ல் ஏவரி ஃபிஷர் வந்தார். ஹை-ஃபை ரேடியோ செட்டுகள் செய்து விற்று, கம்பெனியை நல்ல விலைக்குக் கொடுத்தவர். 10.5 மில்லியன் டாலர் நன்கொடை தந்தார். அரங்கம் 'ஏவரி ஃபிஷர் ஹால்' ஆனது. பெயர் என்றென்றும் இருக்கும் என்பது ஒப்பந்தம். 1976ல் உள்பக்கத்தை முழுசாக இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஒலி கொஞ்சம் தேறியது, புகார் நிற்கவில்லை.

2000க்குப் பிறகு மறுபடியும் பெரிய புதுப்பிப்பு தேவைப்பட்டது. இந்தத் தடவை செலவு நூறு மில்லியன்களில். அவ்வளவு பணம் தருபவர் தன் பெயரைக் கேட்பார். ஆனால் விற்பதற்குப் பெயர் கையில் இல்லை, அது 1973லேயே போய்விட்டது. பெயரை மாற்றலாமா என்ற பேச்சு 2002ல் எழுந்தபோது, கோர்ட்டுக்குப் போவோம் என்றது ஃபிஷர் குடும்பம். ஃபிஷர் 1994லேயே இறந்துவிட்டார், வாக்குறுதி உயிரோடு இருந்தது.

கடைசியில் 2014ல் லிங்கன் சென்டரே அந்தக் குடும்பத்துக்கு 15 மில்லியன் டாலர் கொடுத்துப் பெயரைத் திரும்ப வாங்கியது. ஆக, அந்த 'என்றென்றும்' 41 வருஷம்தான். 10.5 வாங்கி 15 கொடுத்தார்களே, நஷ்டம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. அமெரிக்க விலைவாசி உயர்வைச் சேர்த்தால் 1973ன் 10.5 மில்லியன், 2014ல் ஐம்பது மில்லியனுக்கும் மேல். பணக்கணக்கில் லிங்கன் சென்டர் தோற்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கப் பல வருஷம் போனது.

அடுத்த வருஷமே டேவிட் கெஃபன் 100 மில்லியன் அறிவித்தார். புதுப் பெயர் 'டேவிட் கெஃபன் ஹால்'. மொத்தச் செலவோ 550 மில்லியன். மீதிக்கு என்ன செய்வது? கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் கச்சேரிக் கூடத்துக்குத் தனியாக 'வு சாய் தியேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது 50 மில்லியன் தந்த தம்பதியின் பெயர். ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் எழுதும் நம்ம ஊர் வழக்கத்தைக் கிண்டல் பண்ணியிருப்போம். அங்கேயும் அதே மனசுதான், தொகைதான் வேற. கசியும் குழாயை மாற்றப் பணம் கொடுங்கள் என்றால் யாரும் வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு ரிப்பேரையும் புதுக் கட்டடம் மாதிரி காட்டிப் பணம் திரட்ட வேண்டியிருக்கிறது.

கெஃபன் பெயரும் என்றென்றும்தான். இதே வளாகத்தில், எதிர்ப்பக்கம் இருக்கும் பாலே அரங்கத்தைப் பாருங்கள். 2008ல் டேவிட் கோக்கும் அதே 100 மில்லியன் தந்தார். ஆனால் அங்கே பெயருக்குக் குறைந்தது 50 வருஷம் என்றுதான் உத்தரவாதம். அதன் பிறகு வேறு நன்கொடையாளர் பெயரை வைக்கலாம், முதல் வாய்ப்பு மட்டும் கோக் குடும்பத்துக்கு. என் பார்வையில் இதுதான் நேர்மையான ஒப்பந்தம். இன்னும் ஐம்பது வருஷத்தில் கூரை மறுபடி ஒழுகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறது.

பெயர் விஷயத்தில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. இந்த வளாகம் எழும்பிய இடத்தில் முன்பு சான் ஹுவான் ஹில் என்ற குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நிறைந்த பகுதி. ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் வாழ்ந்த இடம். குடிசை ஒழிப்பு என்ற பெயரில் ராபர்ட் மோசஸ் தலைமையில் அதை இடித்தபோது 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒரு குடும்பத்தின் பெயரை எடுக்க 15 மில்லியன் ஆனது. அந்தப் பேட்டையின் பெயரை எடுக்க யாரும் யாரையும் கேட்கவில்லை. 2022 அக்டோபரில் புது அரங்கம் திறந்தபோது, முதல் நிகழ்ச்சி எட்டியேன் சார்ல்ஸ் இசையமைத்த சான் ஹுவான் ஹில் கதை. டிக்கெட்டுக்கு அவரவர் முடிந்ததைக் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெயர் கச்சேரியில் வந்தது, கட்டடத்தில் ஏறவில்லை.

ஊர்ச் சபாவுக்கோ பள்ளி அரங்கத்துக்கோ நிதி திரட்டும் கமிட்டியில் நீங்கள் இருந்தால், ஒரு யோசனை. நன்கொடையாளர் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். பத்திரத்தில் எத்தனை வருஷத்துக்கு என்றும் எழுதிவிடுங்கள். தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். அடுத்த ரிப்பேருக்குப் பேரப்பிள்ளைகள் காலத்துக் கமிட்டி கையேந்தும்போது, விற்க அவர்களுக்கும் ஒரு பெயர் மிஞ்சியிருக்க வேண்டும்.