ஒரு புற்றுநோய் பயமும் சில நாய்களும்

கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், 1980-லேயே புற்றுநோய் பயத்தால் மூட்டை கட்டப்பட்டிருக்க வேண்டியவை என்றால் நம்புவீர்களா?

கதை ஜப்பானில் தொடங்குகிறது. சாங்கியோ கம்பெனியில் வேலை பார்த்த அகிரா எண்டோ, இரண்டு வருடம் சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சலித்துப் பார்த்து, 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். உடம்பில் கொலஸ்ட்ரால் தயாராவதற்குத் தேவையான ஒரு நொதியை அது கட்டிப்போடும். ஆனால் எலிகளிடம் பலிக்கவில்லை. பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் சரசரவென்று இறங்கியது! (எலியை மட்டும் நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.)

1980-ல் வந்தது வினை. நோயாளிகளுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிக அளவில், நீண்ட நாள் மருந்து கொடுத்த நாய்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று பேச்சு எழ, சாங்கியோ சோதனைகளை நிறுத்தியது. இதே வகை மருந்தான லோவாஸ்டாட்டினைச் சோதித்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் மெர்க்கும், சேதி காதில் விழுந்ததுமே நிறுத்திவிட்டது. சாங்கியோ முழு விவரத்தையும் வெளியே சொல்லவில்லை. வணிகவியல் வகுப்பில் வியாபார ரகசியம் ஒரு சொத்து என்று படிக்கிறோம். இங்கே அந்தச் சொத்துக்கு விலை கொடுத்தவர்கள் இதய நோயாளிகள்!

பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் எகிறியவர்களுக்கு வேறு வழியில்லை என்று சில டாக்டர்கள் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன். மெர்க் நாய்களிடம் மறுபடி சோதித்தது, கட்டி ஏதும் இல்லை. 1987-ல் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

சந்தேகம் மட்டும் சாகவில்லை. 2002-ல் வெளியான, முதியவர்களிடம் நடந்த ஒரு ஆய்வில், பிராவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. 2012-ல் 27 ஆய்வுகளையும் சுமார் 1,75,000 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் ஐந்து வருடக் கணக்கில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்று பிரசாரம் செய்பவர்களுக்கும் இதுவேதான் பதில்.

செல்லின் முதுமை விஷயம் இன்னும் சுவாரசியம். குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியத் தேயும். அது குட்டையாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம் என்றும், பிராவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது என்றும் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று 2007-ல் சொன்னது. இதை வைத்து 'இளமை மாத்திரை' என்று கிளம்பிவிடக் கூடாது. டெலோமியர் வளர்ந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எண்டோவின் காம்பாக்டின் கடைசி வரை கடைக்கு வரவே இல்லை. அதிலிருந்து உருவானதுதான் இந்தப் பிராவாஸ்டாட்டின். 1989-ல் ஜப்பானில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது அதே சாங்கியோ!