மண் இல்லாத கூடை பிறந்த கதை

1780களில் ஆந்திரக் கரையோரத்துச் சாமல்கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியர் ஒருவர் செடி கொடிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். பெயர் வில்லியம் ரொக்ஸ்பரோ. உள்ளூர் ஓவியர்களைக்கொண்டு அவர் வரைவித்த செடிகளில் ஒன்று மண்ணையே தொடாதது. தடித்த வெள்ளை வேர்களை மரக்கிளையில் ஓடவிட்டு, கட்டம்போட்ட பழுப்பு இதழ்களும் ஊதா உதடுமாகப் பூத்து நின்றது. வன்னி அடங்கிய இலங்கையின் உலர்வலயத்துக்கும் சொந்தமான வாண்டா ஓர்க்கிட் அது. 1795இல் லண்டனில் அச்சான அவருடைய கோரமண்டல் கரைத் தாவர நூலில் அந்தப் படம் வெளிவந்தது. படம் பத்திரமாகக் கடல் கடந்துவிட்டது. செடி கடந்தால் பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கவில்லை. மரத்தில் வளர்வதால் குருவிச்சையைப்போல மரத்தின் சாற்றை உறிஞ்சும் செடி என்றே ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். உண்மையில் அது மரத்தில் குந்தியிருப்பதோடு சரி. மழைநீரும் பட்டை இடுக்கில் சேரும் தூசு தும்பும் அதற்குப் போதும். வேரைப் போர்த்திய வெள்ளை உறை நீரைச் சட்டென்று உறிஞ்சும்; பிறகு காற்றில் உலரும். உலராவிட்டால் அழுகும். இதை அறியாமல் செடியைச் சட்டி மண்ணில் புதைத்தவர்களுக்கு அழுகிய வேர்களே மிஞ்சின. ரொக்ஸ்பரோவின் நூலை மேற்பார்வை செய்த மனிதருக்கு மட்டும் வேறொரு யோசனை வந்தது.

அவர் ஜோசப் பாங்ஸ். இளமையில் கப்டன் குக்கோடு உலகைச் சுற்றியவர். லண்டனுக்கு அருகே ஐல்வர்த்தில் இருந்த தன் கண்ணாடி வீட்டுக்காக மெல்லிய சுள்ளிகளால் கூடைகள் பின்னுவித்தார். அடியில் கொஞ்சம் மக்கு, அதன்மேல் செடி, ஈரம் காக்கப் பாசி. பக்கமெல்லாம் திறப்பு, வேர் விரும்பிய திசையில் வெளியே நீளலாம். 1817இல் இந்த முறை அச்சிலும் வந்தது. 1819இல் பாங்ஸின் கண்ணாடி வீட்டில் வாண்டா பூத்தது. மறுவருடம் அவருடைய நூலகர் றொபேட் பிறவுண் அதற்கு ரொக்ஸ்பரோவின் பெயரைச் சூட்டினார். அதே 1820இல் பாங்ஸ் கண்ணை மூடினார். கூடைக்காகப் பேச ஆளில்லாமல் போயிற்று.

அடுத்து வந்தது புழுக்கத்தின் காலம். வெப்பநாட்டுச் செடிக்கு அவியும் சூடுதான் வேண்டும் என்று முடிவுகட்டி, யன்னல்களை அடைத்து அடுப்பை மூட்டினார்கள். மிகுந்த வெப்பமும் ஈரமும் நிழலுமே மருந்து என்று 1830இல் ஜோன் லின்ட்லி போன்ற பெரிய தாவரவியலாளரே எழுதினார். மாரியில் நனைந்து, மிச்சக் காலத்தின் பெரும்பகுதியை வெயிலிலும் சோழகக் காற்றிலும் கழிக்கும் வன்னிப் பாலைமரக் கிளை அவர்களுடைய கற்பனையில் இருக்கவில்லை. பெருஞ்செலவில் வந்திறங்கிய ஓர்க்கிட்டுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அந்த அழிவுக்கு மாற்றுவழி காட்டியவர் ஒரு விஞ்ஞானி அல்ல.

இங்கிலாந்தின் வென்ற்வேத் மாளிகையின் தோட்டக்காரர் ஜோசப் கூப்பர்தான் அவர். சூட்டைக் குறைத்தார், வெளிக்காற்றை உள்ளே விட்டார். 1830களின் நடுவில் அவருடைய செடிகளைப் பார்த்த தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கர் அசந்துபோனார். சட்ஸ்வேத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டனும் அந்த வழிக்கு வந்தார். காற்று வந்ததும் காற்றோட்டமுள்ள கூடைக்கும் மதிப்பு வந்தது. சுள்ளியின் இடத்தை மரச்சட்டம் பிடித்தது. ஆனால் கூடையில் ஏறிய செடிகளெல்லாம் ஏதோ ஒரு காட்டிலிருந்து பிடுங்கப்பட்டவைதாம். தூசாய்ப் பறக்கும் ஓர்க்கிட் விதையை நம்பகமாக முளைக்கவைக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

வழி பிரான்சின் ஃபொன்ரென்புளோ காட்டுச் சருகுக்குள் கிடந்தது. 1899 மே மாதம், இராணுவச் சேவையில் இருந்த நோவெல் பேர்னார் என்ற இளைஞர், அங்கே புதைந்துகிடந்த ஓர்க்கிட் தண்டொன்றில் முளைவிட்ட விதைகளைக் கண்டார். அவற்றுக்குள் ஒரு பூஞ்சணம் குடியிருந்தது. கைவசம் உணவில்லாத விதைக்குத் தீனி போட்டது அதுதான். 1922இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், பூஞ்சணம் இல்லாமலே சீனி கலந்த ஏகார் கூழில் விதை முளைக்கும் என்று காட்டினார். போத்தலுக்குள் கன்றுகள் ஆயிரமாயிரமாகப் பிறந்தன. பிரபுக்களின் பூ சாமானியரின் முற்றத்தை நோக்கி நகரத் தொடங்கியது.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ விறாந்தை வளையில் தொங்கும் வாண்டாக் கூடையின் பூர்வீகம் இதுதான். மரச்சட்டம் பிளாஸ்ரிக் ஆகிவிட்டது. மக்கும் பாசியும் போய்க் கரித்துண்டும் பொச்சும் வந்துவிட்டன. காலை வெயில் நன்றாகப் படவேண்டும். உச்சி வெயிலுக்கு மெல்லிய நிழல். விடியற்காலையில் வேர் பச்சையாகும்வரை தண்ணீர். பொழுதுபடுமுன் அது மறுபடி வெளுத்திருக்க வேண்டும். செடி வளரும் மாதங்களில் நன்றாக நீர்த்த உரம், மாரியில் வெறும் மழை. போத்தல் கன்று இருக்கும்போது காட்டு மரத்தில் கைவைக்கவும் தேவையில்லை. அந்தக் கூடையில் சட்டத்தைவிட இடைவெளியே அதிகம். ஆயிரக்கணக்கான செடிகளைச் சாகக் கொடுத்த பிறகுதான் அந்த இடைவெளியின் அருமை ஐரோப்பாவுக்குப் புரிந்தது.