முரசு ஆற்றும் மூலிகைச் சத்துகள்

நூலார் ஈறு என்றும் ஈழத்தார் முரசு என்றும் வழங்கும் பல்லடித் தசையிலே தோன்றும் வீக்கம், இரத்தக் கசிவு, புண் ஆகியவற்றைத் தணித்து, அத்தசை மீண்டும் பல்லோடு பொருந்தி வளர்வதற்குத் துணைசெய்வனவாகத் தாவரங்களிலிருந்து பெறப்படும் துவர்ப்புப் பொருள்கள், கசப்புச் சத்துகள், வாசனைத் தைலங்கள், உயிர்ச்சத்துகள் என்பன இத்தலைப்பில் அடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தில் இவை முதலில் வீட்டு வழக்கமாகவும், அதனோடு பரியாரிமாரின் வைத்தியமாகவும் நிலைபெற்று, பிற்காலத்தில் உலகெங்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்குரிய பொருளாயின.

முரசின் இயல்பு: எந்நேரமும் ஈரமும் நுண்ணுயிர்களும் நிறைந்த வாயினுள்ளே இருந்தபோதிலும், முரசு உடலின் புறத்தோலைவிட விரைவாகவும் பெரும்பாலும் தழும்பின்றியும் ஆறும் இயல்புடையது. காயத்தில் உறைந்த இரத்தம் முதற் காப்பாக அமைய, வெள்ளணுக்கள் அழுக்கை அகற்ற, நார்க்கலங்கள் கொலாசன் என்னும் புரத இழைகளை நெய்ய, மேற்றோல் நாற்புறமும் படர்ந்து ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களுள் அதனை மூடிவிடுகிறது. இவ்வியற்கைத் தொழிலுக்குப் பெருந்தடையாவது பல்லின்மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து உண்டாக்கும் பற்படலமும், அது இறுகிக் கல்லாகும் பற்காரையுமே ஆகும். பல் துலக்குவதை நிறுத்தியோரின் முரசு மூன்று வாரங்களுக்குள் அழற்சியுற்றதையும், மீண்டும் துலக்கியவுடன் தெளிந்ததையும் ஹரால்ட் லோவும் அவருடன் ஆராய்ந்தோரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஐயமற நிறுவியது.

நாட்டு வழக்கம்: வரண்ட வலயத்தைச் சேர்ந்த வன்னியில், முற்றத்து வேம்பும், கோயிலருகே விழுதூன்றி நிற்கும் ஆலும், முட்செறிந்த வேலும், கனகராயன் ஆறு போன்ற நீரோட்டங்களின் கரையில் ஓங்கும் மருதும், மருந்து தேடி அலையாமலே மக்களின் கைக்கெட்டிய மருந்துச்சாலையாய் விளங்கின. வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கித் துலக்குதலும், நெல் விளையும் நிலமாதலின் குறைவின்றிக் கிடைத்த உமிக்கரியை உப்போடு கலந்து தேய்த்தலும், பல்லுக்கொதி கண்டபோது கராம்பை அவ்விடத்தில் அடக்கிக்கொள்ளுதலும், முரசு வீங்கியபோது பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளித்தலும் முதியோர் கைக்கொண்ட முறைகளாம். ஆலையும் வேலையும் பல்லின் உறுதியோடு சேர்த்துப் பேசும் தமிழ்ப் பழமொழி இவ்வனுபவத்தின் சுருக்கமே. உகா மரத்தின் வேரையும் கிளையையும் மிசுவாக்கு என்னும் பற்குச்சியாகக் கொள்ளுதலை இசுலாமியர் சமய ஒழுக்கத்தோடு இணைத்துப் போற்றி வந்துள்ளனர்.

நூல் மரபு: சுசுருத சம்ஹிதை வாயில் தோன்றும் நோய்களை 65 ஆகக் கணக்கிட்டு, அவற்றுள் 15 நோய்களைப் பல்லடிக்கு உரியனவாக வகுத்தது. பன்னிரண்டு விரல் நீளமும் சிறுவிரற் பருமனும் உடைய பற்குச்சியை விதித்த அந்நூல், கசப்புள்ளவற்றுள் வேம்பையும் துவர்ப்புள்ளவற்றுள் கதிரத்தையும் சிறந்தனவாகக் கூறிற்று. கதிரம் என்பது காசுக்கட்டி தரும் கருங்காலியாகும். வன்னிக் காட்டில் வயிரமேறிய கரிய மரமாக வளரும் கருங்காலியோ வேறொரு குலத்தைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாயிருத்தலால் மருந்து மாறிவிடாதவாறு காத்தல் வைத்தியரின் கடமை. ஈழத்தில், யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய தமிழ் வைத்திய நூல்கள் ஏட்டுச்சுவடிகளிலே நின்று நிலவின. அவற்றுள் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றி அழியாது காத்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து பணியாற்றி, 1867ஆம் ஆண்டில் இரண வைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளிவரச் செய்தார். புண் ஆறும் முறையை இருவேறு மரபுகளும் ஒரே மொழியில் பேசும் காலம் அவ்வாறு தொடங்கிற்று.

இரசாயன ஆராய்ச்சி: பட்டைகளிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புக்குக் காரணமான தனின்கள், முரசின் மேற்பரப்பிலுள்ள புரதங்களோடு பிணைந்து, அவற்றை இறுகச்செய்து, மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்குவதால் இரத்தக் கசிவு மட்டுப்படுகிறது. வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் முதலிய கசப்புச் சத்துகளைச் சலீமுஸ்ஸமான் சித்தீகி 1942ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்தமை, வேம்பின் குணத்தை ஆய்வுகூடத்தில் அளந்தறிய வழிதிறந்தது. மஞ்சளின் குர்க்குமின் 1815ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் அதன் ஆற்றல் பிற்காலத்தில் விரிவாக ஆராயப்பட்டது. கராம்புத் தைலத்தின் யூஜினோலைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்து, முரசுச் சத்திரசிகிச்சையின் பின் காயத்தை மூடும் கட்டாக வார்ட் என்னும் பல்வைத்தியர் 1923ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தார். எனினும் யூஜினோல் மென்தசையை உறுத்துவது காணப்பட்டமையால், அது சேராத கட்டுகள் பின்னர் அதன் இடத்தைப் பெற்றன.

இவையனைத்தினும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது உயிர்ச்சத்து சியின் பயனேயாகும். முரசு வீங்கிக் குருதி வடியும் ஸ்கேவி நோய் தோடை, எலுமிச்சை இனப் பழங்களால் நீங்குவதை ஜேம்ஸ் லிண்ட் 1747ஆம் ஆண்டிற் கப்பலோட்டிகளிடம் காட்டினார். அச்சத்து இன்றேல் கொலாசன் இழை உறுதிபெறாது. இழை உறுதிபெறாத இடத்திற் காயமும் ஆறாது. வன்னியின் நெல்லியும் தேசிக்காயும் முருங்கையிலையும் அச்சத்தை நாள்தோறும் வழங்கவல்லன.

மருந்தின் எல்லை: இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பல்வைத்திய வசதியை அறியாத 480 ஆண் தொழிலாளரை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி லோ குழுவினர் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அவர்களுள் 8 விழுக்காட்டினர்க்குப் பற்களைத் தாங்கும் இழையம் விரைந்து அழிந்தது; 81 விழுக்காட்டினர்க்கு மிதமாக அழிந்தது; 11 விழுக்காட்டினர்க்குப் பல்லடி அழற்சி அளவில் நின்றதேயன்றி அழிவாக முற்றவில்லை. ஒரே வாழ்க்கை நிலையினரிடையே இத்துணை வேறுபாடு காணப்படுதலால், ஒருவர்க்குப் பலித்த மூலிகை எல்லார்க்கும் பலிக்குமெனத் துணிதல் தகாது. எந்த மூலிகையும் பற்காரையைக் கரைத்து நீக்கவல்லதன்று. மருத்துவர் கருவியால் அதனை அகற்றிய பின்னரே மூலிகை உரிய பயனைத் தரும். தாவரப் பொருளென்ற காரணத்தால் யாவும் நன்மை தருவனவல்ல என்பதற்குப் பாக்கே சான்று: வெற்றிலையோடு மெல்லும் அதனைப் புற்றுநோய்க் காரணியென 2004ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது; புகையிலையும் முரசின் இரத்தவோட்டத்தைக் குறைத்து ஆறுதலைத் தடுக்கிறது.

இக்கால நிலை: 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தன் வரம்பினுட் கொண்டது; 1984ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் உயர்கல்வியாகப் பயிற்றப்படுகிறது. பரியாரிமாரின் கைமுறைகளைக் கேட்டெழுதி, மூலிகையின் சரியான இனத்தை அறிந்து, அளவும் பயனும் தீங்கும் வரையறுத்துச் சோதித்தல் இனி ஆற்றவேண்டிய பணியாகும். முரசில் இரத்தம் கசியுமாயின் அது நோயின் முதற் குறி. வேப்பங்குச்சியைக் கைவிட வேண்டுவதில்லை, ஆயினும் பல்வைத்தியரிடம் காட்டுவதைத் தாமதிக்கவும் கூடாது.